கிணற்றின் அளவும் இயந்திரத்தின் வலுவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதுங்கூட மாரிகாலத்தில் மாத்திரம் வெள்ளத்தை ஏந்திச் சென்று அராலிக்கு அருகே கடலேரியிற் கலக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழையே இந்நிலத்தின் முதல். அம்மழை நிலத்தினுள் இறங்கித் தங்குவதும், ஆண்டின் ஏனைய மாதங்களில் மக்கள் அதனைக் கிணற்றின் வழியாக மீட்டுக்கொள்வதுமே குடாநாட்டு வேளாண்மையின் வரலாறு எனலாம். ஆகவே, ஒரு கிணற்றுக்கு எத்துணை வலுவுள்ள நீரிறைக்கும் இயந்திரம் பொருந்தும் என்னும் வினா, கடைக்காரனிடம் கேட்டு முடித்துக்கொள்ளும் வினா அன்று. அதன் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

இயந்திரம் வருமுன்னர்க் கிணற்றை ஆண்டது துலா. தமிழகத்தார் ஏற்றம் என்று வழங்குவதும், எகிப்து நாட்டில் நைல் நதிக்கரையில் இன்றும் காணக்கூடியதும் இதன் இனமே. கிணற்றருகே நிறுத்திய ஆடுகாலின்மேல் நீண்ட மரம் ஒன்று தராசுக் கோல் போல ஏறி இறங்கும். அதன் ஒரு தலையிலிருந்து தொங்கும் கொடியில், பனையோலையால் இழைத்த பட்டை கட்டப்பட்டிருக்கும். துலாவின்மீது ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்று வாயில் நிற்பவர் பட்டையை நீரில் அமிழ்த்தி, மேலே வந்ததும் கவிழ்த்துவிடுவார். வேறொருவர் தோட்டத்தில் நின்று பாத்திக்குப் பாத்தி வாய்க்காலை மாற்றிவிடுவார். விடியற்காலை இருட்டிலே தொடங்கும் இவ்விறைப்பு வெயிலேறும்வரை நடைபெறும். வலிகாமத்துச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்தது இந்த உழைப்பினால்.

துலாவிற்கு இருந்த ஒரு குணத்தை இங்கே கருதவேண்டும். ஒரு மனிதன் களைப்பின்றித் தொடர்ந்து செய்யக்கூடிய வேலை ஏறக்குறையப் பத்தில் ஒரு குதிரைவலு என்பர். எனவே, மூவர் கூடி இறைத்தாலும் துலாவின் வலு கால் குதிரைவலுவைச் சிறிதே கடக்கும். கிணற்றில் ஊற்று ஊறும் வேகத்தை அது பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. மிஞ்சினாலும், நீர்மட்டம் தாழத் தாழ மிதிப்பவரின் களைப்பு மிகும். இறைப்பும் தானே நின்றுவிடும். எவ்வளவு எடுக்கலாம் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. மனிதனுடைய கால்களே அக்கணக்கைப் பார்த்துக்கொண்டன.

கிணற்றுப் பங்கும் அவ்வாறே அமைந்திருந்தது. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டளவில் தொகுப்பித்த தேசவழமையின் கீழ் முதுசமும் சீதனமுமாகக் காணி பிரிந்துகொண்டே வந்தது. காணியைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரித்தல் இயலாது. ஆதலால் உறுதிகளிலே காணியோடு கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும் சேர்த்து எழுதப்பட்டன. பங்காளிகள் முறைவைத்து இறைத்தனர். எல்லாரிடமும் துலா ஒன்றே கருவியாக இருந்தமையால், காலத்தைச் சமமாகப் பகிர்ந்தால் நீரும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது.

இந்த நிலையை மாற்றியது மண்ணெண்ணெயில் ஓடும் சிறிய இயந்திரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1950களிலும் 1960களிலும், அது தோட்டந்தோறும் பரவியது. இரண்டு குதிரைவலு உள்ள இயந்திரம் ஒன்று இருபது ஆட்களின் உழைப்புக்கு ஈடு. துலா மிதித்துக் காய்த்துப்போன கால்களுக்கு அது அளித்த விடுதலையைக் குறைத்து மதித்தல் நேர்மையாகாது. காலைப் பொழுது முழுவதையும் விழுங்கிய இறைப்பு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடிந்தது; பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லவும் பொழுது கிடைத்தது. எனினும், பங்குக் கிணற்றிலே வலிய இயந்திரம் உடையவர் தமது முறையில் மற்றவரினும் மிகுதியாக நீர் எடுக்கக்கூடிய நிலை உண்டாயிற்று. காலப் பங்கு பழையபடியே இருக்க, நீர்ப் பங்கு மாறிவிட்டது.

அதனினும் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தின் அடியில் நேர்ந்தது. குடாநாட்டின் கீழே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் பிளவும் குகையும் நிறைந்தது. மழைநீர் அவற்றின் வழியே இறங்கி, மூன்று பக்கத்தாலும் உட்புகுந்து நிற்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. இவ்வமைப்பின் விதியை ஒல்லாந்தரான படொன் கைபென் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901 ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது அவ்விதி. இதனை மறுபுறமாக நோக்கினால் அச்சந் தரும்: நீர்மட்டத்தை நிலையாக ஓரடி தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் நாற்பதடி மேலெழ முற்படும். நிலத்துக்கு நிலம் இவ்வளவு சிறிது வேறுபடலாம், விதி மாறாது.

புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சான்று. அடி காணமுடியாதது என்று மக்கள் பேசிவந்த அக்கிணற்றைப் பற்றி, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ற், 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே குறிப்பிட்டிருக்கிறார். அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. குடாநாடு முழுவதன் அமைப்பையும் ஒரே கிணற்றில் காட்டுவது போன்றது அது. மேலுள்ள நன்னீரை மெதுவாக எடுப்பவனுக்கு நன்னீரே கிடைக்கும். வலிய இயந்திரத்தைப் பூட்டி விரைந்து உறிஞ்சினால், கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவில் மேலெழும். அவ்வாறு உவர்ப்பேறிய கிணறு மீண்டும் நன்னீராவதற்கு மாரிகள் பல வேண்டியிருக்கும்.

இனி, பொருத்தமான வலுவைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். முதலில் அளக்கவேண்டியது கிணற்றின் ஊற்று. கோடையின் உச்சமாகிய ஆடி, ஆவணி மாதங்களில் கிணற்றைச் சிறிது இறைத்து நிறுத்தி, நீர் ஓரடி ஏறுவதற்கு எத்தனை நிமிடம் செல்கிறது என்று பார்த்தல் வேண்டும். பத்தடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி நீர் ஏறக்குறைய 2,200 லீற்றர். அது பதினைந்து நிமிடத்தில் ஏறினால், அக்கிணற்றின் ஊற்று நிமிடத்துக்கு 150 லீற்றர் அளவினது.

அடுத்தது பயிரின் தேவை. எட்டுப் பரப்புத் தோட்டம், அதாவது அரை ஏக்கர், முழுவதும் ஓரங்குலம் நீர் நிற்க இறைப்பதற்கு ஏறக்குறைய 51,000 லீற்றர் வேண்டும். நிமிடத்துக்கு 300 லீற்றர் இறைக்கும் இயந்திரம் இதனை மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். ஒன்பது மீற்றர் உயரத்துக்கு அந்நீரைத் தூக்க வேண்டிய வலு அரைக் குதிரைவலுவுக்குச் சற்று மேல். இயந்திரத்தின் வினைத்திறன் பாதியே என்று கொண்டாலும் ஒன்றேகால் குதிரைவலு போதுமானது. ஆயினும், மேலே கூறிய கிணற்றின் ஊற்று அதிற் பாதியே. மூன்று மணித்தியாலம் ஓயாது இறைத்தால் நீர்மட்டம் பன்னிரண்டடி வரை தாழக்கூடும். அத்தோட்டக்காரர் தோட்டத்தை இரண்டு கூறாக்கி ஒன்றுவிட்டொரு நாள் இறைத்தல் நன்று. அல்லது சிறிய இயந்திரத்தை நீண்ட நேரம் ஓட்டுதல் அதனினும் நன்று. ஐந்து குதிரைவலு இயந்திரம் வாங்கினால் ஊற்றுப் பெருகிவிடாது.

மூன்றாவது, இயந்திரத்தை வைக்கும் இடம். பம்பு நீரை இழுப்பதாகப் பேசுகின்றோம். உண்மையில் வளிமண்டல அமுக்கமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. உறிஞ்சும் பம்பு ஓர் எல்லைக்கு மேல் நீரை ஏற்றாது என்பதைக் கலிலியோ 1638 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிற் குறித்தார். அவர் மாணவரான தொரிசெல்லி அதன் காரணத்தை வெளிப்படுத்தினார். அவ்வெல்லை ஏறத்தாழ 34 அடி. நடைமுறையில் இருபத்தைந்து அடிக்குள் நிறுத்துதலே தக்கது. கோடையில் நீர் அதற்குக் கீழே போகுமாயின், வலுவைக் கூட்டுவதாற் பயனில்லை. இயந்திரத்தைக் கீழே இறக்கவோ, நீரில் அமிழ்ந்து இயங்கும் பம்பை நாடவோ வேண்டும். குழாயின் விட்டமும் கவனத்துக்குரியது. விட்டத்தைப் பாதியாக்கி அதே நீரைச் செலுத்த முயன்றால் உராய்வினால் நேரும் இழப்பு முப்பது மடங்கு பெருகும்.

வீட்டுத் தேவையோ மிகச் சிறிது. ஐவர் வாழும் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் லீற்றர் தாராளம். அதனை மேலே வைத்த தாங்கியில் நிரப்ப அரைக் குதிரைவலு மின் பம்பு ஒன்றே போதும்.

இக்கணக்குகளைக் காலமும் இடையிடையே கற்பித்து வந்தது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுத் தோட்டக்காரர் செழித்தனர், இயந்திரங்களும் பெருகின. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றது, எரிபொருளும் தடைக்குள்ளாயிற்று. மண்ணெண்ணெயைப் போத்தற் கணக்கில் அளந்து வாங்கிய அந்நாட்களில், குறைந்த எண்ணெயில் எவ்வளவு நிலத்தை நனைக்கலாம் என்பதே தோட்டக்காரரின் முதற் கவலையாக இருந்தது. பின்னர் 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்தது. தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் வைத்திருந்தவர்க்கு அது பெருஞ்சுமையாயிற்று.

வெளியிலிருந்து நீர் கொணரும் முயற்சிகளும் இல்லாமற் போகவில்லை. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில், ஆனையிறவுக் கடலேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடலேரியோடு இணைத்து, ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ அமைக்கத் திட்டம் வகுத்தார். வேலையின் ஒரு பகுதி நடந்தது; திட்டம் முழுமை பெறவில்லை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. அது குடிநீருக்கு உதவும். தோட்டத்தை வளர்ப்பது இன்னும் கிணறே.

இன்று ஞாயிற்றின் ஒளியால் ஓடும் பம்புகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு எண்ணெய்ச் செலவு இல்லை. ஆகையால் நிறுத்தவேண்டும் என்ற எண்ணமும் எளிதில் எழாது. துலா காலத்தில் கால்களின் களைப்பு இறைப்பை நிறுத்தியது. மண்ணெண்ணெய்க் காலத்தில் விலை நிறுத்தியது. இனி அதனை நிறுத்தவேண்டியது தோட்டக்காரரின் அறிவே. புதிய இயந்திரம் வாங்கப் புறப்படுபவர், முதலில் ஒரு கயிற்றையும் மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு தமது கிணற்றருகே சென்று ஊற்றை அளந்து பார்ப்பாராக. அந்த அளவைக் குறித்த துண்டோடு கடைக்குச் சென்றால், அவருடைய பணமும் பிழைக்கும். அவர் பேரப்பிள்ளைகளுக்கு நன்னீரும் எஞ்சும்.