ஊவா மலைகளில் தப்பு

சரித்திரம் எழுதுவோர் கல்வெட்டைத் தேடுவர்; செப்பேட்டைத் தேடுவர். பதுளைப் பகுதித் தோட்டங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து வரும் நம் மக்களுக்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. ஒரு வட்டக் கட்டையும் அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலும் உண்டு. அதுவே தப்பு. அதன் கதையைக் கேட்போமாயின் அம்மக்களின் கதையில் பெரும்பகுதியைக் கேட்டவர்களாவோம்.

மாசி மாதத்து இரவொன்றில் தோட்டத்துக் காமன் பொட்டலில் நின்று பார்ப்போம். தப்புக்காரர்கள் வந்ததும் அடிக்கத் தொடங்குவதில்லை. சருகும் வைக்கோலும் மூட்டித் தீயைச் சுற்றி அமர்ந்து தோலைக் காய்ச்சுகின்றனர். ஒருவர் கருவியை மற்றவர் வாங்கித் தட்டிப் பார்க்கிறார். கட்டை பலாவா, வேம்பா? தோல் இளங்கன்றினுடையதா, முற்றிய மாட்டினுடையதா? தோலை ஒட்டிய புளியங்கொட்டைப் பசை பிடித்து நிற்கிறதா? தடித்த குட்டைக் குச்சி எழுப்பும் அடியோசை எவ்வளவு ஆழம்? மெல்லிய மூங்கிற் சிம்பு எழுப்பும் மேலோசை எவ்வளவு கூர்மை? இப்படி ஆராய்ந்து, பரிகசித்து, தீயில் மறுபடி காட்டி, எல்லாக் கருவிகளும் ஒத்துவந்த பின்னரே கூத்துக்கு முதலடி விழுகிறது.

இந்த ஆராய்ச்சியில் மலையின் வானிலைக்கும் பங்குண்டு. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். தீ இன்றேல் ஒலி இல்லை. ஆடி, ஆவணியில் ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தை ஈட்டித் தருவது அந்தக் காற்றே. தப்பின் தோலை முறுக்கேற்றுவதும் அதுவே.

1951இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முரசும் ஊதுகருவிகளும் எழுப்பிய பேரொலியில், ஆளுயரப் பெருவயலினின் அடியோசை அமுங்கிப் போயிற்று. அக்குறையைத் தீர்க்கவே புதுக்கருவியும் அதற்கேற்ற ஒலிபெருக்கியும் பிறந்தன. இன்று உலகெங்கும் இசைஞர்கள் கூடினால் எந்தக் கிட்டார், எந்தப் பெருக்கி, ஒலியை மாற்றும் எந்தப் பெட்டி என்று ஒப்பிட்டுப் பேசுகின்றனர். லயத்து முற்றத்தில் தீயைச் சுற்றி நடப்பதும் அதே பேச்சுத்தான். ஒன்றைக் கலை நுட்பம் என்றும் மற்றொன்றைக் கீழான தொழில் என்றும் பிரிப்பது எந்த நியாயம்?

அந்தப் பிரிவினைக்குச் சரித்திரம் உண்டு. கோப்பிக் காலத்திலும், பின்னர் தேயிலைக் காலத்திலும், திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆள்கட்டி வந்தனர். பதுளைக்கு இரயில் வந்ததே 1924இல்தான். அதற்குமுன் வந்தவர்களில் பலர் கால்நடையாகவே இம்மலைகளை ஏறினர். அவர்களோடு தப்பும் வந்தது, சாதியும் வந்தது. சாவுக்கு அடிப்பது இன்னாருடைய கடமை என்ற கட்டளை கடல் தாண்டியும் அழியவில்லை. துரைமாரோ அக்கருவிக்கு இன்னொரு வேலை கொடுத்தனர். விடியுமுன் தப்பொலி கேட்டதும் ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பாடிய நெடுங்கவிதை விடியற்காலைத் தப்பொலியுடன் தொடங்குவது தற்செயலன்று. உழைப்பாளி தன் கையால் செய்த கருவியே அவனை அடிமை வேலைக்கு எழுப்பியது.

ஆயினும் அதே கருவிதான் இரவில் காமன் கூத்திலும் அர்ச்சுனன் தபசிலும் அவனை மனிதனாக நிமிர்த்தியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டு, ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என எழுதிற்று. எஞ்சியோரின் வழக்குத் தீர 2003இல் மற்றுமொரு சட்டம் வேண்டியிருந்தது. ஏட்டில் அவர்களுக்கு நாடில்லாத அந்த ஆண்டுகளிலும் பொட்டலில் அவர்களுக்கு ஒரு தாளம் இருந்தது.

சாவுக்குத் தப்படிக்க மாட்டோம் என்று மறுத்த இளைஞர்கள் தமிழகத்திலும் உண்டு. அவர்கள் மறுப்பு நியாயமானது. அவர்கள் உதறியது இசையை அன்று, நிர்ப்பந்தத்தை. 1990களிலிருந்து தமிழகத்துத் தலித் கலைக்குழுக்கள் அக்கருவியையே தலைநிமிர்ந்து மேடையேற்றியதும் அதே போராட்டத்தின் மறுபக்கமாகும். இன்று செயற்கைத் தோல் பூட்டித் திருகாணியால் முறுக்கும் தப்புகளும் வந்துவிட்டன. அவற்றுக்குத் தீ வேண்டியதில்லை. வசதியை நாம் வெறுக்கவில்லை. தீயைச் சுற்றி அமர்ந்து கற்ற காதின் நுட்பமும் அத்தோடு அணைந்துவிடலாகாது என்றே கவலைப்படுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளை பேஸ் கிட்டாரை ஏந்தட்டும். அதுவும் அவன் உரிமையே. ஆனால், அவன் தேடும் அந்த ஆழ்ந்த அடியோசையைத் தன் பாட்டன் பலாக்கட்டையிலும் கன்றுத்தோலிலும் தேடிக் கண்டவன் என்பதை அவன் வெட்கமின்றிச் சொல்லும் நாள் வரவேண்டும். வெட்கப்பட வேண்டியது தப்பு அன்று. அதை அடித்தவனைத் தீண்டாதே என்ற சமுதாயமே.