திமிங்கிலத் துடுப்பின் புடைப்புகளும் பாய்மரப் படகின் சுக்கானும்

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பக்கத் துடுப்பு, அதன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வளரும். துடுப்பின் முன்விளிம்பு வழவழப்பாக இராது. உருண்டைப் புடைப்புகள் வரிசையாக நிற்கும். பாய்மரப் படகில் நீருக்கடியில் வேலை செய்யும் தகடுகள் இரண்டு: படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் கீல், திசை திருப்பும் சுக்கான். இந்தப் புடைப்புகள் சுக்கானுக்கே பொருந்தும், கீலுக்குப் பொருந்தா என்பதையே சோதனைகள் காட்டுகின்றன.

பிராங்க் ஃபிஷ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட காற்றுச் சுரங்கச் சோதனையில், புடைப்புள்ள துடுப்பு மாதிரி வழவழப்பான மாதிரியைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலான கோணம் வரை ஏற்றுவிசையை இழக்கவில்லை. புடைப்புகளுக்கு இடையே உருவாகும் சுழல்கள் நீரோட்டத்தைத் தகட்டின் பரப்போடு ஒட்டவைக்கின்றன. ஓட்டம் பிரியும்போதும் ஒரேயடியாகப் பிரியாமல் பகுதி பகுதியாகப் பிரிகிறது. திடீர்க் காற்றில் படகு காற்றை நோக்கித் திரும்பும்போது சுக்கானைப் பெருங்கோணத்தில் வளைக்க நேரும். அங்கே ஓட்டம் சட்டெனப் பிரிந்தால் படகு கட்டுப்பாட்டை இழக்கும். எனவே இந்தப் பண்பு சுக்கானுக்கு அருமையானது.

பல்லாயிரம் தலைமுறைகள் செதுக்கிய வடிவம் எங்கும் சிறக்காதா என்று கேட்கலாம். சிறக்காது. துடுப்பின் முனையில்லாத, முழு அகலத் தகடுகளை வைத்து 2007இல் நடந்த சோதனையில், சிறு கோணங்களில் புடைப்புகள் ஏற்றுவிசையைக் குறைத்து இழுவிசையைக் கூட்டின. ஓட்டம் பிரிந்த பிறகே 50 சதவீதம் வரை மிகுந்த ஏற்றுவிசை கிடைத்தது. கீலோ பயணம் முழுவதும் சில பாகைக் கோணத்திலேயே நீரைச் சந்திக்கிறது. அதற்குப் புடைப்பு வெறும் சுமை. இரையைச் சுற்றி வளைக்கக் குறுகிய வட்டத்தில் திரும்பும் கூன்முதுகுக்குப் புடைப்பு வாய்த்திருக்கிறது. நேராக விரையும் நீலத் திமிங்கிலத்தின் துடுப்பில் அது இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

சுக்கானிலும் வரம்பு உண்டு. 2010இல் வெளியான சுக்கான் சோதனையில், பெருங்கோணங்களில் கிடைத்த ஆதாயம் வேகம் கூடக்கூடக் குறைந்தது. நீரில் ஆவிக் குமிழ்கள் தோன்றுவதையும் புடைப்புகள் முன்கூட்டியே தூண்டின. ஆயினும் சிறு படகின் நிலை வேறு. 25 செ.மீ. அகலச் சுக்கான் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் தகட்டின் அளவையும் சேர்த்து ஓட்டத்தின் தன்மையைக் குறிக்கும் எண்) ஏறத்தாழ 5 லட்சம். 2004 சோதனை நடந்ததும் அந்த அளவிலேதான். புடைப்புகளைப் பொருத்திப் பார்க்கத் தகுந்த முதல் இடம் விரைவுப் பந்தயப் படகு அன்று, மெதுவாகச் செல்லும் சிறு படகின் சுக்கானே.