தக்கலை வட்டாரச் சமய வழக்குகளில் ‘குரு’: பொருள் வேறுபாடும் அதிகாரமும்

திறவுச்சொற்கள்: குரு, குரத்தி, பீர், முர்ஷித், குருத்துவம், ஆசான், தக்கலை

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலையையும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளையும் உள்ளடக்கிய சிறு நிலப்பரப்பில் சமணம், சைவம், இசுலாம், கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறித்தவம், அய்யாவழி ஆகிய நெறிகள் வெவ்வேறு காலங்களில் வேரூன்றியுள்ளன. இவை ‘குரு’ என்னும் சொல்லையோ அதன் திரிந்த வடிவங்களையோ அறிந்தவை. ஆயினும் அவை அச்சொல்லை ஒரே பொருளில் ஆளவில்லை. சமய ஒப்பீட்டாய்வுகள் சூஃபி முர்ஷித், கத்தோலிக்கப் பங்குக்குரு, சிவாசாரியார் ஆகியோரைக் ‘குரு மரபு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசுவதுண்டு. அவ்வாறு வைக்கும்போது, தாம் எய்திய அறிவால் பிறரை நடத்துபவர், சடங்கு ஆற்றும் உரிமையைப் பதவியால் பெற்றவர் என்னும் இருவேறு நிலைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இவ்விரு பொருள்களும் எங்கெங்கே பிரிந்தன, அப்பிரிவு யாருக்கு இடமளித்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் அதன் தமிழ் வடிவங்களும்

வடமொழியில் ‘குரு’ என்பது முதலில் ஒரு பண்புச்சொல். கனமானது, பளுவானது என்பது அதன் பொருள். யாப்பில் நெட்டசையைக் ‘குரு’ என்றும் குற்றசையை ‘லகு’ என்றும் வழங்குவது இப்பொருளின் எச்சமாகும். மதிப்பால் கனத்தவர் என்னும் நிலையில் பெற்றோர், மூத்தோர், ஆசிரியர் ஆகியோரை அது பின்னர்க் குறித்தது. ‘கு’ என்பது இருள், ‘ரு’ என்பது அதனை நீக்குவது என்னும் விளக்கம் சமய நோக்கில் எழுந்தது, சொற்பிறப்பாகக் கொள்ளத்தக்கதன்று.

தமிழ் இச்சொல்லைக் ‘குரவர்’ என்னும் வடிவில் ஏற்றபோது அப்பரந்த பொருளையே ஏற்றது. ஆசாரக்கோவை கூறும் ஐங்குரவருள் அரசன், ஆசிரியன், தாய், தந்தை, தமையன் ஆகியோர் அடங்குவர். சமயக் குரவர், சந்தானக் குரவர் என்னும் தொடர்களில் அது அருளாசிரியரைச் சுட்டும் சொல்லாகச் சுருங்கியது. மறுபுறம், கோயிலில் பூசை செய்யும் சிவாசாரியாரைக் ‘குருக்கள்’ என அழைக்கும் வழக்கில் அச்சொல் கற்பித்தலிலிருந்து விலகி, வழிபாட்டுப் பொறுப்பின் பெயராயிற்று.

சைவ மரபே இவ்விரு நிலைகளின் மோதலைத் தன் வரலாற்றில் பதித்து வைத்துள்ளது. மெய்கண்டார் குடும்பத்தின் குலகுருவாகவும் ஆகமங்களில் வல்லவராகவும் விளங்கிய அருணந்தி சிவாசாரியார், இளம் வயதினரான மெய்கண்டாருக்குச் சீடரானார் என்பது சைவ மரபுவரலாறு. பிறப்பாலும் கல்வியாலும் குருவாயிருந்தவர், ஞானத்தால் குருவானவர்முன் பணிந்ததையே அவ்வரலாறு வலியுறுத்துகிறது.

சிதறால் குரத்தி

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலை பழங்காலத்தில் திருச்சாரணத்துமலை எனப்பட்டது. அங்குள்ள சமணக் குடைவரையும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் நன்கு அறியப்பட்டவை. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அவ்விடத்துக் கல்வெட்டு, அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் அம்மலையின் பகவதிக்குப் பொன்னணி அளித்த செய்தியைத் தருகிறது.

குரவர் என்பதன் பெண்பால் வடிவமே குரத்தி. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இவ்வழக்கு உண்டு. சிதறால் கல்வெட்டு ஒரே தொடரில் ஒரு பெண்ணை மாணாக்கியாகவும் குரத்தியாகவும் காட்டுகிறது. ஒருவரிடம் கற்றவர் பிறருக்குக் குருவாகலாம் என்பதும், அந்நிலை பெண்ணுக்கும் உரியது என்பதும் இதனால் பெறப்படும். இன்றைய தமிழில் ‘குரு’ என்பதற்கு வழக்கில் உள்ள பெண்பால் வடிவம் இல்லை. குரத்தி என்னும் சொல்லின் மறைவு ஒரு சொல்லின் இழப்பு மட்டுமன்று. பெண் வகித்த ஓர் இடம் பொது நினைவிலிருந்து நீங்கியதன் அடையாளமும் ஆகும்.

பீர்முகம்மது அப்பா

தக்கலையில் அடங்கியுள்ள சூஃபி ஞானியான பீர்முகம்மது அப்பா தென்காசியில் பிறந்தவர் எனவும், தக்கலையில் நெசவு செய்து வாழ்ந்தவர் எனவும் மரபு கூறுகிறது. ஞானப்புகழ்ச்சி, ஞானப்பால், ஞானப்பூட்டு, ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி முதலியன அவருடைய படைப்புகள். தக்கலைத் தர்காவில் ஆண்டுதோறும் ரஜபு மாதத்தில் ஞானப்புகழ்ச்சி இரவு முழுதும் கூட்டாகப் பாடப்படுகிறது.

‘பீர்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு முதியவர், ஆன்மிக வழிகாட்டி என்பன பொருள்கள். ‘ஷெய்கு’ என்னும் அரபுச் சொல்லும் முதியவரையே முதலில் குறித்தது. கனத்தவர் குருவானது போல முதியவர் பீரானார் எனலாம். தமிழ் முசுலிம் வழக்கில் தொழுகையை முன்னின்று நடத்துபவர் இமாம். குர்ஆன் ஓதக் கற்பிப்பவர் லெப்பை அல்லது உஸ்தாது. அகவழியில் முரீதை நடத்துபவர் முர்ஷித். தமிழ்ச் சூஃபி இலக்கியம் ‘குரு’ என்னும் சொல்லை இம்மூவருள் முர்ஷிதுக்கே அளித்தது. குணங்குடி மஸ்தான் சாகிபுவின் (1792–1838) பாடல்களில் ‘குருவருள் நிலை’ தனிப் பகுதியாக அமைவது இதற்குச் சான்று. சடங்குப் பொறுப்பிலிருந்து விலகி, அனுபவ வழிகாட்டல் என்னும் பொருளிலேயே இச்சொல் இங்கு நிலைபெற்றது.

ஞானரத்தினக் குறவஞ்சி சிங்கனுக்கும் சிங்கிக்கும் இடையிலான வினாவிடையாக அமைந்தது. அதில் வினவுபவன் சிங்கன்; மெய்ப்பொருளை விளக்குபவள் சிங்கி. குறவஞ்சிக் குறத்தியும் கல்வெட்டுக் குரத்தியும் வெவ்வேறு சொற்கள். எனினும், விடை கூறும் இடத்தில் ஒரு பெண்ணை, அதுவும் எளிய குடிப் பெண்ணை, அமர்த்தியிருப்பது கருதத்தக்கது. குருநிலை பதவியைச் சாராதபோது அது எவரிடமும் அமையக்கூடும் என்பதை இவ்விலக்கிய அமைப்பு உணர்த்துகிறது.

கிறித்தவ வழக்கு

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, ‘சற்குரு’ என்னும் சைவ வழக்கை ஏற்று அதனை இறைமகனுக்குரிய பெயராக ஆண்டார். ஆனால் கத்தோலிக்கத் தமிழில் நிலைபெற்ற ‘குரு’ பலி ஒப்புக்கொடுக்கும் பணியாளரைக் குறித்தது. குருத்துவம், குருமடம், பங்குக்குரு ஆகிய சொற்கள் இப்பொருளிலிருந்து கிளைத்தவை. விவிலிய மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும். சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் ‘பிரதான ஆசாரியன்’ என வருவது, 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் ‘தலைமைக் குரு’ என வருகிறது. அதே மொழிபெயர்ப்பில் கற்பிப்பவரான இயேசுவைப் பிறர் ‘போதகரே’ என விளிக்கின்றனர். ‘குரு’ பலிப்பணிக்கு உரியதானபோது, கற்பித்தல் வேறொரு சொல்லைத் தேடிக்கொண்டது.

திருநெல்வேலித் திருமண்டலத்தில் ஆங்கிலிக்கன் மரபையொட்டிக் ‘குருவானவர்’ என்பது பெருவழக்கு. இலண்டன் மிஷன் வழிவந்த குமரிப் பகுதியில் போதகர், ஆயர் என்பனவே மிகுதி. பட்டத்தின் படிநிலைகளைப் பேணிய மரபும் சபையை மையமாகக் கொண்ட மரபும் வேறுவேறு சொற்களைத் தேர்ந்துள்ளன.

இவ்வேறுபாடு தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டையோடும் பத்மநாபபுரத்தோடும் தொடர்புடைய ஒரு வாழ்க்கையில் துலங்குகிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1741இல் நிகழ்ந்த குளச்சல் போருக்குப்பின் அவ்வரசின் படைப்பணியில் சேர்ந்த டச்சுப் படையைச் சேர்ந்தவரான டிலனாய் அவருக்குக் கிறித்தவத்தை அறிமுகப்படுத்தினார். ஆனால் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு அளித்துத் தேவசகாயம் எனப் பெயரிட்டவர் இயேசு சபைக் குருவான புத்தாரி. கற்பித்தவர் படைவீரர், சடங்கு ஆற்றியவர் குரு. சைவச் சொல்வழக்கில் முன்னவருக்கே பொருந்தக்கூடிய பெயர், கத்தோலிக்க வழக்கில் பின்னவருக்கே உரியதாகிறது. இரு மரபுகளின் ‘குரு’வையும் ஒன்றெனக் கொள்வதன் இடர்ப்பாட்டை இது காட்டுகிறது.

பிறப்பும் குருநிலையும்

19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் யார் குருவாகலாம் என்பது சமூக உரிமைச் சிக்கலாக இருந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) உருவாக்கிய வழிபாட்டில் பிராமணப் பூசகருக்கு இடமில்லை; சிலைக்கு மாறாகக் கண்ணாடி வைக்கப்பட்டது. இடைநின்று சடங்கு செய்யும் குருநிலையே அங்குத் தேவையற்றதாயிற்று. மருத்துவாமலையில் தவமிருந்த நாராயண குரு மற்றொரு வழியைக் கொண்டார். 1888இல் அருவிப்புரத்தில் சிவலிங்கத்தை நிறுவியதன் மூலம், பிறப்பால் மறுக்கப்பட்ட சடங்குரிமையை ஞானத்தின் பெயரால் கைக்கொண்டார். முன்னவர் பதவிக்குருவை விலக்கினார். பின்னவர் ஞானகுருவாக நின்று அப்பதவியின் உரிமையை எடுத்துக்கொண்டார்.

மக்களின் விளிமுறையும் இங்கு நோக்கத்தக்கது. தக்கலை ஞானி மக்களுக்குப் ‘பீரப்பா’, வைகுண்டர் ‘அய்யா’, கத்தோலிக்கப் பணியாளர் ‘தந்தை’. மூன்றும் தந்தை முறையைச் சுட்டும் பெயர்கள். நூல்வழக்கில் ‘குரு’ வேறுபட்டு நிற்க, பேச்சுவழக்கு ஐங்குரவர் காலத்து உறவுப் பொருளையே தொடர்ந்து பேணியுள்ளது.

இக்கால வழக்கு

குமரி வட்டாரத்தில் வர்மமும் அடிமுறையும் கற்பிப்பவர் ‘ஆசான்’. வட கேரளக் களரியில் அவரே ‘குருக்கள்’. கோயில் வழக்கில் சடங்கைக் குறித்த சொல் களரியில் பயிற்சியைக் குறிக்கிறது. பல்கலைக்கழகம் ‘ஆய்வு நெறியாளர்’ என்னும் புதிய சொல்லைப் படைத்துக்கொண்டது. இளைஞர் பேச்சில் நண்பனை விளிக்கும் ‘குரு’ மரியாதையும் கேலியும் கலந்தது. ‘குருகுலம்’ என்னும் சொல்லும் சிக்கலின்றி மீளவில்லை. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி இருந்தமை 1920களில் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. பழஞ்சொல்லோடு பழைய படிநிலையும் மீளுமோ என்னும் வினாவே அவ்வெதிர்ப்பின் அடிப்படை.

தொகுப்புரை

‘குரு’ என்னும் சொல் சமயந்தோறும் பொருள் மாறியது என்று கூறி அமைவது போதாது. அது சடங்குப் பதவியின் பெயரான இடங்களில் கற்பித்தல் போதகர் போன்ற வேறு சொற்களுக்குப் பெயர்ந்தது. அது அனுபவ வழிகாட்டலின் பெயராக நின்ற மரபுகளில் நெசவாளரும், இளையவரும், ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவரும் அவ்விடத்தை எய்த முடிந்தது; இலக்கியத்தில் சிங்கிக்கும் அங்கு இடம் கிடைத்தது. எனவே குரு மரபுகளை ஒப்பிடும் ஆய்வாளர், ஒரு மரபில் அச்சொல் யாரைக் குறிக்கிறது என்பதோடு, அங்குக் கற்பிப்பவருக்கு என்ன பெயர், அப்பெயர் யாருக்கு மறுக்கப்பட்டது என்பவற்றையும் உடன் வினவ வேண்டும். சிதறால் கல்வெட்டின் குரத்தி அவ்வினாவின் தேவையை இன்றும் உணர்த்தி நிற்கிறாள்.