வாக்கி-டாக்கியில் கத்திப் பேசினால் தெளிவாகக் கேட்குமா?

தேசியச் சேவை செய்தவர்களுக்கு இது பழகிய விஷயம். பெரிய நிகழ்ச்சிகளில் தொண்டூழியம் செய்தவர்களுக்கும்தான்.

வாக்கி-டாக்கியில் குரல் நல்லா சத்தமா வரும். ஆனால் சொன்னது 'கடை'யா, 'தடை'யா, 'படை'யா? அதுதான் புரியாது.

ஏன் அப்படி? அதைச் சரிசெய்ய என்னென்ன வழிகள் உள்ளன?

சிக்கல் எங்கே?

நம் குரலில்தான். 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகளுக்குச் சக்தி அதிகம். 'க்', 'த்', 'ப்' போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, சட்டென்று மறைபவை. ஆனால் 'கடை'யையும் 'தடை'யையும் பிரித்துக் காட்டுவது அந்த மெல்லிய ஒலிதான்.

வானொலிக் கருவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உரத்த 'ஆ' அந்த வரம்பைத் தொடும்போது, மெல்லிய 'த்' இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

இந்த இடைவெளியைக் குறைத்து, குரலைச் சீர்ப்படுத்தி அனுப்புவதே 'ஸ்பீச் ப்ராசஸிங்'.

என்னென்ன முறைகள்?

1. கம்ப்ரசர்

ஒருவர் வால்யூம் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருப்பதுபோல. குரல் உயர்ந்தால் குறைக்கும், தாழ்ந்தால் கூட்டும்.

- நிறை: குரல் இயல்பாக இருக்கும்.
- குறை: உயிரொலிக்குப் பின் உடனே வரும் மெய்யொலியைத் தூக்கிவிட அதற்கு நேரம் போதாமல் போகலாம். பேச்சு நின்றால் மின்விசிறிச் சத்தம், மூச்சுச் சத்தம் எல்லாம் மேலே வந்துவிடும்.

2. ஆடியோ கிளிப்பிங்

ஒலி அலையின் உச்சிகளை அப்படியே வெட்டிவிடுவது. கேட்க முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் 1948இல் லிக்லைடர், பொலாக் ஆகிய ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினர்: உச்சிகளை முழுக்க வெட்டினாலும் சொற்களில் பெரும்பகுதி புரிகிறது.

- நிறை: எளிது, உடனுக்குடன் வேலை செய்யும்.
- குறை: வெட்டும்போது புதிய ஒலிகள் உருவாகின்றன. 500 ஹெர்ட்ஸ் ஒலியை வெட்டினால் 1,500, 2,500 ஹெர்ட்ஸிலும் ஒலி பிறக்கும். வானொலிப் பேச்சு சுமார் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை. எனவே அவை பேச்சோடு கலந்துவிடும், வடிகட்ட முடியாது. குரல் கரகரப்பாகும்.

3. ஆர்எஃப் கிளிப்பிங்

அதே வெட்டுதான், இடம் வேறு. குரலை முதலில் உயர் அலைவரிசைக்கு, உதாரணமாக 9 மெகாஹெர்ட்ஸுக்கு, மாற்றிவிட்டு அங்கே வெட்டுவார்கள். தேவையில்லாத ஒலிகள் 18, 27 மெகாஹெர்ட்ஸ் என்று வெகுதூரத்தில் விழும். ஃபில்டர் அவற்றை நீக்கிவிடும்.

- நிறை: அதே அளவு வெட்டினாலும் கரகரப்பு குறைவு. சிற்றலையில் எஸ்எஸ்பி முறையில் நெடுந்தொலைவு பேசும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு மிகவும் உதவும்.
- குறை: சுற்றமைப்பு சிக்கலானது. கரகரப்பு முழுக்கப் போய்விடாது.

அப்போ, சாதாரண வாக்கி-டாக்கியில்?

எஃப்எம் வாக்கி-டாக்கியில் நீங்கள் முணுமுணுத்தாலும் கத்தினாலும் அனுப்பும் சக்தி ஒன்றுதான். குரல் மாற்றுவது அலைவரிசையை மட்டுமே. அது அடுத்த சேனலுக்குள் போகாதபடி லிமிட்டர் தடுக்கும்.

அதனால் கத்தினால் தூரம் கூடாது. லிமிட்டர் வெட்டும், அவ்வளவுதான்.

டிஜிட்டலில் பிரச்சினையே இல்லையா?

உண்டு, வேறு வகையில். டிஜிட்டல் கருவியில் உள்ள வோக்கோடர் மனிதக் குரலை மிகச் சில பிட்டுகளாகச் சுருக்குகிறது. டிஎம்ஆர் கருவிகளில் பேச்சுக்கு நொடிக்குச் சுமார் 2,450 பிட்டுகள். வழக்கமான டிஜிட்டல் தொலைபேசிக்கு 64,000.

மனிதக் குரலுக்காக வடிவமைத்த கருவி, அபாயச் சங்கையோ இயந்திரச் சத்தத்தையோ கேட்டால் குழம்பிவிடும். தீயணைப்பு இடங்களில் கேட்கும் சத்தங்களை வைத்து அமெரிக்க அரசாங்க அமைப்பு ஒன்று 2008இல் வெளியிட்ட ஆய்வில், சில சூழல்களில் பழைய அனலாக் முறையே தெளிவாக இருந்தது. புகைக்குள் நிற்கும் வீரருக்கு 'வா', 'வராதே' இரண்டும் ஒன்றாகக் கேட்டால் என்ன ஆகும்?

எனவே இங்கு முக்கியம் வெட்டுவதல்ல. மைக்கிலேயே பின்னணி இரைச்சலைக் குறைப்பது.

எதற்கு எது?

- அமைதியான அறை, நல்ல சிக்னல்: லேசான கம்ப்ரசர் போதும்.
- நெடுந்தொலைவு எஸ்எஸ்பி, பலவீனமான சிக்னல்: ஆர்எஃப் கிளிப்பிங்.
- எஃப்எம்: மிதமான மைக் அளவு, லிமிட்டர்.
- டிஜிட்டல், சத்தமான இடம்: இரைச்சல் குறைக்கும் மைக்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- மைக்கை வாயிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள்.
- பொத்தானை அழுத்தி, ஒரு நொடி கழித்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் காணாமல் போகும்.
- இயல்பான குரலில், சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்.
- முக்கியத் தகவலை எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'கடை'யா, 'தடை'யா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.