பிரெஞ்சு உணவகங்களின் திங்கட்கிழமை விடுமுறை

பிரெஞ்சு உணவகங்களின் திங்கட்கிழமை விடுமுறை என்பது, பிரான்சில் தனிப்பட்டோர் நடத்தும் சிறிய, நடுத்தர உணவகங்களுள் பல திங்கட்கிழமை முழுவதும் கதவடைத்து, செவ்வாய்க்கிழமை மீண்டும் திறக்கும் வழக்கம் ஆகும். ஞாயிறு நண்பகல் உணவு முடிந்ததுமே மூடிவிடும் உணவகங்களும் உண்டு. திங்கட்கிழமை மூடவேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் இல்லை. பணியாளர் ஓய்வு பற்றிய சட்டம், சந்தைகள் இயங்கும் நாட்கள், வாடிக்கையாளர் வரும் நாட்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்த நாளைத் தேர்ந்துள்ளன. எனவே திங்கட்கிழமை நண்பகலில் நல்ல பிரெஞ்சு உணவகம் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சற்று முன்னேற்பாடு தேவைப்படுகின்றது. தமிழ்நாட்டிலும் உணவகப் பணியாளருக்கு வார ஓய்வு சட்டப்படி உண்டு. ஆனால் இங்கு அது பெரும்பாலும் முறைவைத்து அளிக்கப்படுவதால் கடை மூடப்படுவதில்லை.

அறிவிப்பும் உணவு வேளையும்

உணவகக் கதவுகளில் காணப்படும் "ஃபெர்மே லு லண்டி" என்ற தொடருக்குத் "திங்கட்கிழமை விடுமுறை" என்பது பொருள். "மிடி" என்பது நண்பகலையும் "சுவார்" என்பது மாலையையும் குறிக்கும். சில உணவகங்கள் திங்கள் நண்பகலில் மட்டும் மூடி மாலையில் திறக்கின்றன. சில இதற்கு நேர்மாறாக நண்பகலில் மட்டும் உணவு வழங்குகின்றன. ஆகவே அறிவிப்பில் கிழமையை மட்டும் பார்த்தால் போதாது, வேளையையும் பார்க்க வேண்டும்.

பிரான்சில் நண்பகல் உணவு பொதுவாக 12 மணிக்குத் தொடங்கி 2 மணியளவில் முடிந்துவிடும். அதன்பின் அடுப்பு அணைக்கப்பட்டு, இரவு உணவுக்காக ஏழு அல்லது ஏழரை மணிக்கே மீண்டும் பற்றவைக்கப்படும். மூன்று மணிக்கும் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறும் ஊர்களிலிருந்து செல்வோர் இரண்டரை மணிக்குப் போய் ஏமாறுவது வழக்கம். அவர்களுள் பலர் இதையும் திங்கட்கிழமை விடுமுறை என்றே எண்ணிவிடுகின்றனர்.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை வேறாக இருந்தது. பாரிஸ் நகரக் கைவினைஞர் பலர் கூலி பெற்றுக்கொண்டு திங்களன்று வேலைக்குச் செல்லாமல் இருப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். இதற்குச் "சென் லண்டி", அதாவது "புனிதத் திங்கள்" என்று கேலியாகப் பெயரிடப்பட்டது. நகர எல்லைக்கு வெளியே வரியின்றி மலிவாகக் கிடைத்த வைனும் உணவும் தேடிக் கூட்டம் சென்றது. அக்காலத்தில் திங்கட்கிழமை உணவு விடுதிக்காரர்களுக்கு நல்ல வியாபார நாளாகும்.

1906 மார்ச் 10 அன்று வட பிரான்சின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 1,099 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த வேலைநிறுத்தங்களுக்கும் தொழிலாளர் போராட்டங்களுக்கும் இடையே, அதே ஆண்டு சூலை 13 அன்று வார ஓய்வுச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளிக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணிநேர ஓய்வு வேண்டும் என்றும், அது ஞாயிறாக இருக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. ஊரார் ஓய்ந்திருக்கும் நாளில் அவர்களுக்கு உணவளிக்க வேண்டியவை என்பதால் விடுதிகள், உணவகங்கள், மதுக்கடைகள் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவை தம் பணியாளருக்கு வேறு நாட்களில், முறைவைத்து ஓய்வு தரலாம்.

முறைவைப்பது பெரிய உணவகத்திற்கு எளிது. பத்துச் சமையற்காரர்கள் இருந்தால் நாளுக்கு ஒருவரோ இருவரோ விடுப்பில் செல்லலாம். உரிமையாளரே சமைத்து, அவர் மனைவி பரிமாறி, ஓர் உதவியாளர் பாத்திரம் கழுவும் உணவகத்தில் இது இயலாது. சமையற்காரர் ஒருவரே என்றால் அவருடைய ஓய்வு நாளே கடையின் ஓய்வு நாளாகவும் ஆகிவிடும். பிரான்சின் சிறந்த உணவகங்களுள் கணிசமானவை இவ்வாறு ஒருவரது கைப்பக்குவத்தை நம்பியவை என்பதை நினைத்தால், பெரிய உணவகங்கள் திறந்திருக்க, நல்லவை என்று பெயரெடுத்த சிறியவை மூடியிருப்பது ஏன் என்பது விளங்கும்.

விடுதி, உணவகத் தொழிலுக்கான 1997 ஏப்ரல் 30 தேசிய ஒப்பந்தம் வாரத்திற்கு இரண்டு நாள் ஓய்வு என்ற நெறியை வகுத்தது. இந்த இரு நாட்களும் அடுத்தடுத்து வரவேண்டும் என்பதில்லை. ஆயினும் சிறிய உணவகங்களுக்கு ஞாயிறும் திங்களும் சேர்த்து மூடுவதே வசதியாக உள்ளது. கொரோனா பெருந்தொற்றின்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் இத்தொழிலை விட்டு விலகினர். அதன்பின் ஆள் கிடைக்காமலும், கிடைத்த ஆளை இழக்க விரும்பாமலும் மேலும் பல உணவகங்கள் இரு நாள் விடுமுறைக்கு மாறின.

ஏன் திங்கள்?

வெள்ளி, சனி இரவுகளும் ஞாயிறு நண்பகலும் உணவகங்களுக்குக் கூட்டம் மிகுந்த வேளைகள். அவற்றை விட்டுக்கொடுக்க எந்த உரிமையாளரும் விரும்பமாட்டார். திங்கட்கிழமை வருவாய் குறைவு என்பதால் அந்நாளில் மூடுவதால் வரும் இழப்பும் குறைவு.

இரண்டாவது காரணம் சந்தை. பாரிசின் மொத்த விற்பனைச் சந்தை 1969 இல் நகரின் நடுவிலிருந்த லே ஆல் பகுதியிலிருந்து தெற்கே ருஞ்சிஸ் என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டது. அங்கு மீன் விற்பனை செவ்வாய் முதல் சனி வரையே நடைபெறுகின்றது. பாரிசின் தெருச் சந்தைகளும் திங்களன்று பெரும்பாலும் கூடுவதில்லை. அன்றன்று வாங்கிச் சமைப்பதைப் பெருமையாகக் கொண்ட சமையற்காரருக்குத் திங்கட்கிழமை கைகட்டிய நாளாகும்.

நியூயார்க்கில் "லே ஆல்" என்ற பெயருள்ள பிரெஞ்சு உணவகத்தில் தலைமைச் சமையற்காரராக இருந்த அந்தோனி போர்டெய்ன், திங்கட்கிழமை மீன் கேட்க வேண்டாம் என்று 1999 இல் எழுதிய கட்டுரையிலும் 2000 இல் வெளிவந்த நூலிலும் எச்சரித்தார். வாரக் கடைசிக்காக வாங்கிய மீனின் மீதி அது என்பது அவர் கூறிய காரணம். வழங்கல் முறைகள் மேம்பட்டதால் அந்த எச்சரிக்கை இனிப் பொருந்தாது என்று 2016 இல் அவரே கூறினார். எனினும் திங்களன்று மாட்டிறைச்சியை வைனில் நெடுநேரம் வேகவைக்கும் புர்கிஞ்ஞோன், வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே பதப்படுத்தும் கொன்ஃபி போன்றவற்றைக் கேட்பது நல்ல உத்தி எனலாம். இவை முந்தைய நாள் மீன் குழம்பைப் போல, மறுநாள் சுவை கூடுபவை.

திங்கள் நண்பகலில் திறந்திருப்பவை

முதலாவதாகப் பிராசெரிகள். மதுவடிப்போர் நடத்திய விடுதிகளாகத் தொடங்கிய இவற்றில் பல வாரம் முழுவதும், சில காலை முதல் நள்ளிரவு வரை இடைவிடாதும் இயங்குகின்றன. பாரிசில் 1880 இல் தொடங்கிய லிப், 1927 இல் திறக்கப்பட்ட லா கூப்போல் ஆகியவை பெயர்பெற்றவை. தொழிலாளருக்கு மலிவு விலையில் சூடான உணவு தருவதற்காகத் தோன்றிய புய்யோன் வகை உணவகங்களும் இத்தகையவை. அவற்றுள் 1896 முதல் இயங்கும் ஷார்த்தியே ஆண்டின் எல்லா நாட்களும் திறந்திருக்கின்றது. லியோன் தொடர்வண்டி நிலையத்தினுள் 1901 இல் திறக்கப்பட்ட "நீலத் தொடர்வண்டி" உணவகமும் நாள்தோறும் இயங்குகின்றது. தங்கும் விடுதிகளைச் சேர்ந்த உணவகங்கள் விருந்தினருக்காகப் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பலரும் கவனிக்கத் தவறும் மற்றொரு வகை, அலுவலகப் பகுதிகளில் உள்ள சிறு உணவகங்கள். இவற்றின் வாடிக்கையாளர் அலுவலர்கள் என்பதால் இவை சனி, ஞாயிறில் மூடித் திங்களன்று நண்பகலில் திறக்கின்றன. சுற்றுலாப் பகுதியில் அலைவதைவிட அலுவலகத் தெரு ஒன்றில் நுழைந்து, கரும்பலகையில் அன்றைய உணவு எழுதப்பட்டிருக்கும் கடையைத் தேடுவது பயன்தரும். மிசெலின் வழிகாட்டி ஒவ்வொரு உணவகத்தின் விடுமுறை நாளையும் குறிப்பிடுகின்றது. ஈஸ்டர் திங்கள் போன்ற அரசு விடுமுறைகளிலும், பாரிஸ் உணவகங்கள் பல வாரக்கணக்கில் மூடும் ஆகத்து மாதத்திலும் தொலைபேசியில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பானது.

புதுச்சேரி

இந்தியாவில் பிரெஞ்சு உணவகங்கள் செறிந்துள்ள இடங்களுள் புதுச்சேரி முதன்மையானது. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியும் பிரான்சு இப்பகுதியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் குடியிருப்பில் இவ்வுணவகங்கள் மிகுதி. சென்னை, பெங்களூர் நகரங்களிலிருந்து வாரக் கடைசியில் வருவோரே இவற்றுக்குப் பெரிய ஆதாரம் என்பதால் வார விடுமுறை இங்கும் வாரத்தின் முற்பகுதியில் விழுவது இயல்பு. ஆனால் எல்லா உணவகங்களுக்கும் ஒரே நாள் என்ற வழக்கம் இல்லை. பழைய மாளிகைகளில் இயங்கும் தங்கும் விடுதிகளின் உணவகங்களைத் திங்கள் நண்பகலுக்கு முதலில் விசாரிக்கலாம்.

சேலம், நாமக்கல் சமவெளி

சேலம், நாமக்கல் பகுதியிலிருந்து பிரெஞ்சு உணவு தேடுவோருக்குப் புதுச்சேரியும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே தொலைவில், சேலத்திலிருந்து சுமார் 200 கி.மீ. அளவில் உள்ளன. புதுச்சேரிச் சாலை ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் செல்கின்றது. நான்கு மணிநேரப் பயணத்தின் முடிவில் பூட்டிய கதவைக் காணாதிருக்க, முதல் நாளே கேட்டுவைப்பது நன்று.

இச்சமவெளியின் உணவகங்களுக்கும் கிழமைக் கணக்கு உண்டு. அது கதவில் அல்லாமல் உணவுப் பட்டியலில் தெரிகின்றது. அசைவ உணவகங்களில் ஞாயிறு கூட்டம் மிகும். வெள்ளி, சனி, அமாவாசை நாட்களிலும், சோமவார விரதம் இருப்போரிடையே திங்களன்றும் அசைவம் தவிர்க்கப்படுகின்றது. புரட்டாசி மாதத்தில் நுகர்வு குறைவதால் நாமக்கல் முட்டையின் கொள்முதல் விலையும் சரிவது வழக்கம். நாள் குறித்துக் கடையையே மூடும் பிரெஞ்சு முறைக்கு இங்கு நெருங்கிய ஒப்புமை முடிதிருத்தகங்களின் செவ்வாய்க்கிழமை விடுமுறையே. பிரான்சில் முடிதிருத்தகங்களும் திங்களன்று மூடுவது வழக்கம் என்பது குறிப்பிடத்தக்கது.

உணவகப் பணியாளருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை அளிக்க 1958 ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம் வகைசெய்தது. குடும்பத்தார் மட்டும் நடத்தும் மெஸ்களுள் சில ஞாயிறன்று மூடுகின்றன. ஆள் வைத்து நடத்தும் உணவகங்கள் முறைவைத்தே ஓய்வு தருகின்றன. மூடிய கதவை எவரும் காணலாம். முறைவைத்துத் தரப்படும் ஓய்வு உண்மையில் தரப்படுகின்றதா என்பது வெளியாருக்குத் தெரிவதில்லை. 2019 மே 28 அன்று, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாட்களும் 24 மணிநேரமும் இயங்கத் தமிழ்நாடு அரசு அனுமதித்தபோது, பணியாளர் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்றும், அன்றன்று விடுப்பில் உள்ளோர் விவரத்தை நிறுவனத்தில் பார்வைக்கு வைக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.