சவரக்கத்தியின் சாஸனம்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கி அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்களைக் கடந்து களியக்காவிளையை அடையும் பெருவழியில் செல்பவர், கடைப் பலகைகளின் லிபி மாறுவதைக் கொண்டே மாநிலம் மாறியதை உணர்ந்துகொள்ளலாம். மலையாள எழுத்தில் ‘பார்பர் ஷாப்’ என்றிருந்தது, எல்லையைத் தாண்டியதும் ‘முடிதிருத்தகம்’ என்று தமிழுருக் கொள்ளும். பலகைக்குப் பின்னால் நடைபெறும் தொழிலுக்கு இரு பக்கத்துக் கிராமத்தாரும் வழங்கும் வினைச்சொல்லோ ஒன்றே. தமிழகராதிகள் ‘சிரைத்தல்’ என்று குறிப்பதை அவர்கள் ‘செரைக்க’ என்பர். மலையாளமும் அதனைச் சிறிதே ஒலி திரிந்த வடிவில் தன்னதாகக் கொண்டுள்ளது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழர் உடன் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. தாலுக்காக்களைப் பிரித்தவர்களுக்கு அகப்படாத சொற்களுள் ‘செரைக்க’ என்பதும் ஒன்று.

தமிழில் இத்தொழிலைச் சுட்டும் வினைகள் இரண்டு பழையவை. ‘சிரைத்தல்’ வழக்கு மொழியில் வாழ்ந்து, காலக்கிரமத்தில் ஏச்சுக்கும் இடமாகி, கௌரவம் இழந்தது. ‘மழித்தல்’ நூல் வழக்கில் நிலைத்தது. திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், துறவியின் புறவேடத்தைச் சொல்லுமிடத்து, இவ்வினையையே ஆள்கிறார். இவ்விரண்டிற்கும் இடையே புகுந்து இன்று எல்லார் வாயிலும் வழங்கும் ‘சவரம்’ வடமொழி ‘க்ஷௌரம்’ என்பதன் தமிழ் வடிவம். க்ஷேமம் சேமமானது போல க்ஷௌரம் சவரமாயிற்று. மலையாளமோ அந்தக் கூட்டெழுத்தை எழுத்தில் விடாது காத்துக்கொண்டது. க்ஷௌரத்திற்கு மூலம் ‘க்ஷுரம்’. அதன் பொருள் சவரக்கத்தி. ரிக்வேதத்திலேயே இச்சொல் உண்டு. பழைய கிரேக்கத்தில் சவரக்கத்திக்கு வழங்கிய ‘க்ஸுரோன்’ இதன் உடன்பிறப்பு என்பது மொழிநூலார் அனைவரும் ஒப்பியது. இதே குடும்பத்தில் தோன்றிய ‘க்ஷுரிகா’ தமிழில் சுரிகையாகவும், மலையாளத்தில் வடக்கன் பாட்டு வீரர்கள் இடையில் செருகிய ‘சுரிக’யாகவும் ஆகிப் போர்க்களம் புகுந்தது. மோவாயில் மெல்ல இழையும் கருவியும் எதிரியின் மார்பைத் தேடும் கருவியும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது சொல்லாராய்ச்சி காட்டும் விநோதங்களுள் ஒன்று.

கருவியைக் கையாண்டவர் பெயர்களிலும் சரித்திரம் பதிந்திருக்கிறது. ‘நாவிதன்’ வடமொழி நாபிதனிலிருந்து வந்தது. இன்று இழிசொல்லாகவே பிரயோகமாகும் ‘அம்பட்டன்’ என்பதை அறிஞர் ‘அம்பஷ்டன்’ என்பதன் திரிபாகக் கொள்வர். அதற்கு வைத்தியன் என்ற பொருளும் உண்டு. தென் மாவட்டங்களில் இச்சமூகத்தார் தம்மை ‘மருத்துவர்’ என்று சொல்லிக்கொள்வது, ஆகையால், வலிந்து தேடிய புதுப்பட்டம் அன்று. கட்டி கீறியவரும் புண் ஆற்றியவரும் அவர்களே; பிள்ளைப்பேறு பார்த்தவர் அவர் வீட்டு மருத்துவச்சி. கத்தி, சாணைக்கல், தோல்வார் ஆகியவை அடங்கிய அவர்கள் பைக்கு ‘அடைப்பம்’ என்று பெயர். வெற்றிலைப் பைக்கும் அதுவே பெயர்.

சவரக்கத்தி சமயத்தோடு கொண்ட சம்பந்தத்தை அறியப் பாறசாலையிலிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றாற் போதும். சிதறால் என்னும் ஊரிலுள்ள திருச்சாரணத்து மலையில், பாறைச் சரிவில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுச் சாஸனமும் காணலாம். அம்மலையில் வாழ்ந்த ஜைனத் துறவியர் மரபுப்படி சவரக்கத்தியைத் தீண்டாதவர். தலைமயிரைக் கையாலேயே பறித்துக் களைவது அவர்கள் விரதம், அதற்கு ‘லோசம்’ என்று பெயர். பௌத்தரோ கத்தியை விலக்கவில்லை. பிக்ஷு ஒருவன் வைத்துக்கொள்ளத்தக்க எட்டுப் பொருள்களாகிய பரிஷ்காரங்களில் சீவரம் மூன்று, பிக்ஷாபாத்திரம், இடைக்கச்சை, ஊசி, நீர் வடிகட்டி ஆகியவற்றோடு சவரக்கத்தியும் ஒன்று. பாளி மொழியில் அவ்வெட்டுப் பொருளின் வரிசையில் கத்தியைக் குறிக்கும் சொல் ‘வாசி’. நம் தச்சர் மரம் செதுக்கும் வாச்சியும் அச்சொல்லே. துறவியின் தலைக்கும் பலாப் பலகைக்கும் ஒரே பெயருடைய கருவி அமைந்ததை எண்ணிப் புன்னகை செய்யாதிருக்க முடியவில்லை.

அந்தப் பௌத்தம் ஆறாம் நூற்றாண்டில் ஜப்பானை எட்டியபோது தலைமழித்தலும் அதற்குரிய கருவியும் துறவியரோடு சென்று இறங்கின. ஜப்பானியர் அக்கருவிக்கு இட்ட பெயர் ‘காமிசொரி’. ‘காமி’ என்பது தலைமயிர். ‘சொரி’ என்பது மழித்தல். சீன எழுத்தில் எழுதுங்கால் இரண்டு எழுத்துகள் வரும். இரண்டாவது எழுத்து கத்தி, முதலெழுத்தின் வலப் பக்கத்தில் நிற்கும் சிறு உறுப்பும் கத்தியையே குறிப்பது. மடங்காத ஒரே இரும்பாய், பிடியில் பிரம்பு சுற்றியதாய், இரு முகமும் ஒத்திராததாய் இருந்த அப்பழைய வடிவத்தோடு, பின்னாளில் மேனாட்டு மடக்குக்கத்தியும் சேர்ந்தது. 1871-இல் மெய்ஜி அரசு, குடுமியைக் களைய அனுமதித்து ஆணை பிறப்பித்தது. 1876-இல் வாள் அணிவதைத் தடுத்தது. வாளுக்கு வேலையற்றுப்போன கொல்லர் பலர் சமையற்கத்திக்கும் சவரக்கத்திக்கும் திரும்பினர். மேனாட்டு வடிவத்திற்கு ‘ஸெய்யோ காமிசொரி’, அதாவது மேலைக் கத்தி, என்று பெயராயிற்று.

பழங்கத்திகளைச் சேகரிப்போர் கையில் இன்று புழங்கும் ஜப்பானியக் கத்திகளின் மேல் உள்ள எழுத்துகளை வாசிப்பது எவ்வாறு? நம் பிரதேசத்தார்க்கு இது முற்றிலும் புதிய வித்தை அன்று. முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்துக் கோயிலையும் கல்விச்சாலையையும் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அமைத்ததைக் கூறும் 866-ஆம் ஆண்டுச் செப்பேட்டை வாசித்தவர்கள் எந்நெறியைக் கைக்கொண்டார்களோ அந்நெறியே இதற்கும் போதும். முதலில் எழுத்தின் போக்கு. பிறகு எழுத்தின் வடிவம். பிறகு ஊர்ப் பெயர். புகழ்மொழிகளை இறுதியில் நிறுத்துப் பார்த்தல்.

போக்கு என்றது ஏனெனில், இரண்டாம் உலகப்போர் முடியுமுன் ஜப்பானியர் கிடைமட்டமாக எழுதுங்கால் வலப்புறம் தொடங்கி இடப்புறம் செல்வதே பெருவழக்கு. ஆகவே அவ்வாறு எழுதிய குறி பெரும்பாலும் பழையது. வடிவம் என்றது ஏனெனில், 1946-க்கும் 1949-க்கும் இடையில் அந்நாட்டரசு அநேக எழுத்துகளைச் சுருக்கி எளிதாக்கியது. கத்தித் தொழிலுக்குப் பிரசித்தி பெற்ற ‘ஸெகி’ என்னும் ஊரின் பெயரும் பழைய எழுத்தில் நெருங்கிய கோடுகளுடனும், புதிய எழுத்தில் அவை குறைந்தும் காணப்படும். வட்டெழுத்தின் வளைவைக் கொண்டு நூற்றாண்டைக் கணிக்கும் நம் சாஸன ஆராய்ச்சியாளர்க்கு இது பழகிய முறையே. ‘தோரோக்கு ஷோஹ்யோ’ என்னும் நான்கெழுத்துத் தொடர் எந்தக் கத்தியிலும் வரக்கூடியது. புதிதாக வாசிக்கத் தொடங்குவோர் அதனைக் கொல்லன் பெயரென்று மயங்குவர். அது ‘பதிவு செய்த வணிகக்குறி’ என்பதன்றி வேறில்லை. ஜப்பானில் வணிகக்குறிச் சட்டம் 1884-இல் வந்தது. ஆங்கில எழுத்தில் ‘நிப்பான்’ என்றிருந்தால், அமெரிக்காவுக்கு அனுப்பிய சரக்கு 1921-க்கு முந்தியது என்றும், ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றிருந்தால் 1952-க்குப் பிந்தியதன்று என்றும் கொள்ளலாம்.

மற்றவை மெய்க்கீர்த்தி. நம் அரசர்கள் தாம் வெல்லாத தேசங்களையும் வென்றதாகக் கல்லில் வெட்டுவித்தது போலவே, கத்திக்காரரும் ‘விசேஷத் தயாரிப்பு’, ‘உத்தமம்’, ‘அசல்’ என்று பொறித்துக்கொள்வர். ஆயினும் அம்மெய்க்கீர்த்தியில் ஒரு பகுதியை அலட்சியம் செய்யலாகாது. அது எஃகின் பெயர். ஆற்று மணலிலும் மலை மணலிலும் கிடைக்கும் இரும்புப் பொடியைத் ‘தத்தாரா’ உலையில் உருக்கி எடுப்பது ‘தமஹகானெ’. ‘ஸ்வீடன் எஃகு’ என்று சீன எழுத்தில் பொறித்த கத்திகள் அநேகம். 1905-இல் சுஷிமா கடற்போரில் வென்ற தளபதியின் பெயர் சூடிய ‘தோகோ’ எஃகோ, ஷெபீல்டு நகரத்திலிருந்து இறக்குமதியானது. எஃகுக்கு ஜப்பானியர் வழங்கும் ‘ஹகானெ’ என்னும் சொல் ‘அலகு உலோகம்’ எனப் பிரியும். பயனைக் கொண்டு இட்ட பெயர் அது.

நாம் இட்ட பெயரோ செய்முறையைக் கொண்டது: உருக்கப்பட்டதால் உருக்கு. பாறசாலை மலையாளியும் களியக்காவிளைத் தமிழனும் இன்றும் ஒன்றாகச் சொல்வது ‘உருக்கு’. சங்க நூல்களில் வேலையே குறிக்கும் அளவுக்குப் பெருமை பெற்ற ‘எஃகு’ மலையாளத்தில் அவ்வாறு வழங்கவில்லை. உருக்கின் கன்னட, தெலுங்கு வடிவமாகிய ‘உக்கு’ ஐரோப்பியர் எழுத்தில் ‘வூட்ஸ்’ எனச் சிதைந்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. சேலத்துப் பக்கத்தில் இதைச் செய்தவர், இரும்புத் துண்டுடன் ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, பல மூசைகளை ஒருங்கே உலையில் அடுக்கி ஊதினர். குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் கலந்து, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் ஏறிய உலோகக் கட்டி வெளிப்பட்டது. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் இத்தகைய மூசைகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன.

இவ்வகைக் கட்டிகள் 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்பவரால் லண்டனில் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பப்பெற்றன. மறு ஆண்டு ஜார்ஜ் பியர்ஸன் ‘வூட்ஸ்’ என்னும் பெயராலேயே ராயல் சொஸைட்டியில் அதைப்பற்றிக் கட்டுரை படித்தார். லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் சத்திர வைத்தியக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் தலைசிறந்த எஃகினும் இந்திய வூட்ஸே தமக்கு உவப்பு என்று தம் விளம்பரச் சீட்டில் அச்சிட்டார். இவருடன் சேர்ந்து மைக்கேல் ஃபாரடே, பின்னர் மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற அதே ஃபாரடே, வூட்ஸின் இரகசியத்தைக் கண்டறிய முயன்று, 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டார். ஐந்நூறு பங்கு எஃகில் ஒரு பங்கு வெள்ளி கலந்த உலோகம் அம்முயற்சியில் பிறந்தது. அதன்பின் ஷெபீல்டு சவரக்கத்திகளில் ‘வெள்ளி எஃகு’ என்று பொறிப்பது நாகரிகமாகிவிட்டது. வெள்ளி இருந்ததோ இல்லையோ, பெயர் இருந்தது.

ஷெபீல்டுக் கத்திகளும் ஜெர்மனியின் ஸோலிங்கன் கத்திகளும் கப்பலேறி இந்நாட்டு அடைப்பங்களுக்குள் புகுந்தபோது, முன்பு அவற்றில் இருந்த உள்ளூர்க் கொல்லன் கத்தி மறைந்தது. அக்கத்தியில் எழுத்தே இருப்பதில்லை. செய்தவன் யாரென்று வாங்கியவனுக்குத் தெரியுமாதலால் பெயர் பொறிக்க அவசியம் நேரவில்லை. பெயர் வேண்டியது தூரதேசச் சரக்குக்கே. ஹென்கெல்ஸ் நிறுவனத்தின் இரட்டையர் உருவம் 1731-இலேயே ஸோலிங்கனில் பதிவானது. பொய்க்குறிச் சரக்கைத் தடுக்க இந்தியாவிலும் 1889-இல் சரக்குக்குறிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பிறகு ஜில்லெட் தகடு வந்தது. 1990-களில் எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவவே, கடைக்காரர் ஒவ்வொருவர்க்கும் புதுத் தகடு செருகும் கத்திக்கு மாறினர். சாணை பிடித்த பழங்கத்தி பெட்டிக்குள் போயிற்று. 

அப்பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு வட்டாரங்களில் முன்னோர் கத்தியை வைத்திருப்போர் அதனை மெருகேற்ற விரும்பித் தேய்த்துவிடாதிருக்க வேண்டுகிறேன். உளியால் ஆழ அடித்த குறி தேய்ப்பைத் தாங்கும். அமிலம் கொண்டு அரித்த எழுத்தும் பொற்பூச்சு எழுத்தும் தேய்த்தால் எளிதில் அழியும். கத்தியின் மேல் மெல்லிய காகிதத்தைப் போர்த்தி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தடவினால் ஆழ்ந்த குறி படியும். மேலோட்டமான எழுத்துக்குப் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் புகைப்படம் எடுப்பதே தகும். குறியைப் படியெடுக்கும்போதே, அக்கத்தியையும் கல்லையும் வாரையும் அவ்வீட்டு முதியோர் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.