தபாலில் வளர்ந்த யோகம்

யோகம் குருவின் காலடியில் அமர்ந்தே கற்கப்பட்டது என்கிறோம். நவீன யோகத்தைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். அதன் பெரும் சமூகத்தை எழுப்பியவை அச்சகமும் அஞ்சலும் என்பதே என் கருத்து. லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தர் 1924-இல் ‘யோக மீமாம்சா’ இதழைத் தொடங்கி, உட்டியானம், நௌலி என்னும் வயிற்றுப் பயிற்சிகளின் எக்ஸ்ரே ஆய்வுகளை வெளியிட்டார். அவரது ஆசிரமத்தையே பார்த்திராதவர்களும் அவற்றைப் படித்து விவாதிக்க முடிந்தது. பத்தமடையில் 1887-இல் பிறந்த சுவாமி சிவானந்தர் இன்னும் ஒரு படி மேலே போய், அஞ்சலிலேயே கற்பித்தார். துறவுக்கு முன் மருத்துவராக இருந்தவர். 1909-இலேயே ‘அம்ப்ரோசியா’ என்ற மருத்துவ இதழை நடத்தியவர். அவரது எழுத்தின் எளிய நடையும் கறாரான அறிவுரையும் அந்தப் பழக்கத்தில் வந்தவை என்றே நினைக்கிறேன். பெர்லினில் இருந்த போரிஸ் சகரோவ் அவரிடம் கடிதம் வழியாகவே பயின்று, அங்கே யோகப் பள்ளி நடத்தினார்.

உடலால் செய்வதைக் காகிதத்தில் எப்படித் திருத்துவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வளைந்த முதுகையோ தவறான மூச்சையோ கடிதம் பார்க்காது. கடினமான பிராணாயாமத்துக்கு ஆசான் அருகில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் சிவானந்தர் ஒருவழியாகப் போதிக்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை ஜபம், ஆசனத்துக்கு எவ்வளவு நேரம், எத்தனை பொய் சொன்னாய் என்று கேட்கும் நாட்குறிப்புப் படிவத்தை வகுத்து, அதை நிரப்பி அனுப்பச் சொன்னார். தன் பலவீனத்தைத் தானே எழுதி அனுப்பியவருக்குத்தான் பயனுள்ள பதில் கிடைத்திருக்கும். பக்கத்திலேயே இருந்து வாய் திறக்காத சீடரைவிட அவர் ஆசானுக்கு நெருக்கமானவர்.